ஹெலிகாப்டரைச் சேர்த்தீர்கள், சாலையில் வரும் வண்டியை விட்டுவிட்டீர்கள்: அமெரிக்கக் காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செனட்டர்களே, பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களே,

வணக்கம். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாதவர்கள், அதாவது அதன் ‘நெட்வொர்க்’கில் இல்லாதவர்கள், அவசர சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்கு எதிர்பாராத கூடுதல் பில் அனுப்புவதைத் தடுப்பது, 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம். அதில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைச் சேர்த்தீர்கள். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸையும் அதில் சேருங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். சட்டத்தின் பின்னணியை அதை எழுதிய உங்களுக்கே விளக்கத் தேவையில்லை. கீழே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியபோது ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று அச்சடித்த பதில் வந்தது. அதனால் இம்முறை என் மொழியில், என் ஆட்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். போன மாதம் இடைவேளையில், யாரோ கொண்டுவந்த கடலை மிட்டாயை ஒரு பையன் வாயில் போட்டுவிட்டான். ஏழு வயது, நிலக்கடலை ஆகாத உடம்பு. உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. அவன் பையிலிருந்த எபிபென் என்ற ஒவ்வாமை ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினோம், 911-ஐ அழைத்தோம். முதலில் தீயணைப்பு வண்டி வந்தது, பின்னாலேயே ஆம்புலன்ஸ். பக்கத்துக் கடைக்குப் போயிருந்த பையனின் அம்மாவும் ஓடி வந்துவிட்டார். வந்ததும் அவர் சொன்னது இது:

“ஆம்புலன்ஸ்ல ஏத்த வேணாம். நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

பயத்தில் ஏதோ பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் நிதானமாகத்தான் இருந்தார். ஊசி போட்டு மூச்சு சீரான பிறகும் சில மணி நேரத்தில் ஒவ்வாமை திரும்ப வரலாம், பாதி வழியில் வந்தால் வண்டி ஓட்டிக்கொண்டே உங்களால் எதுவும் செய்ய முடியாது என்று பாராமெடிக் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: “உங்க கம்பெனி எங்க இன்சூரன்ஸ் நெட்வொர்க்ல இருக்கா?” அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், எந்த வண்டியை அனுப்புகிறதோ அதில் வருபவர் அவர். மறுப்புப் படிவத்தை நீட்டினார், அம்மா கையெழுத்துப் போட்டார். பின் சீட்டில் நான் பையனை அணைத்தபடி, இரண்டாவது எபிபென்னை மூடி திறந்து கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஃப்ரீவே பயணத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவனுடைய உதட்டை மட்டும்தான்.

பையன் நலமாக இருக்கிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் அவன் தாத்தாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. “வாசல் வரைக்கும் வந்த வண்டிய ஏம்மா திருப்பி அனுப்பினீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். 108-க்கு அடித்தால் காசு கேட்காமல் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகிய மனிதர் அவர்.

காரணம் என்னவென்று அந்த அம்மா பிறகு எனக்குக் காட்டினார். முந்தைய வருடம் அவர் கணவருக்கு இரவில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி நெட்வொர்க்குக்குள் இருந்தது. அவசரப் பிரிவு மருத்துவர் நெட்வொர்க்கில் இல்லை. ஆனால் உங்கள் சட்டம் இருந்ததால் அவர் தனியாகப் பணம் கேட்க முடியவில்லை. அதற்கு உங்களுக்கு மனமார்ந்த நன்றி. கடைசியில் அது வாயுத்தொல்லைதான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வந்தது ஆம்புலன்ஸ் கணக்கு. A0427 என்ற குறியீட்டில் அவசர அழைப்புக்கான அடிப்படைக் கட்டணம், A0425-இல் மைலுக்கு இவ்வளவு என்று தூரக் கட்டணம். எல்லாம் சேர்த்து மூவாயிரம் டாலரை நெருங்கியது. ‘நியாயமான தொகை’ என்று காப்பீடு ஏற்றுக்கொண்டது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கணக்கு விளக்கத் தாளின் தலையில் ‘இது பில் அல்ல’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உண்மைதான், பில் அடுத்த வாரம் தனியாக வந்தது. கட்ட முடியாமல் மாதத் தவணை கேட்டு வாங்கி, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில்தான் இதற்குச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2024 ஜனவரி 1 முதல். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது செல்லாது. கணவரின் நிறுவனம் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தன் பணத்திலிருந்தே தருகிறது. அட்டையில் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் பளபளக்கும். அந்த நிறுவனம் கணக்கு பார்ப்பதோடு சரி. இப்படிப்பட்ட திட்டங்களை 1974-இல் வந்த எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. வேலை வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள். சாக்ரமெண்டோவில் இருக்கும் எங்கள் மாநில அரசால் இதைச் சரிசெய்ய முடியாது. உங்களால்தான் முடியும்.

வழி தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருப்பவரிடம் ஆம்புலன்ஸ் நிறுவனம் மெடிகேர் ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது ஏற்கெனவே விதி. மாதாமாதம் சம்பளத்தில் பிரீமியம் பிடித்தம் கொடுப்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலும், தரைவழி ஆம்புலன்ஸ் பில்களைப் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு குழு வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதியவர்களும் நீங்கள்தான். குழு கூடியது, 2024-இல் அறிக்கையும் தந்தது. நோயாளியின் பங்கு 100 டாலர் அல்லது 10 சதவீதம், எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்றது. அறிக்கை உங்களிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்கிய ஆலோசனையைத் திறந்தாவது பாருங்கள்.

வண்டியில் வருகிறவர்கள்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் வேலைக்கு ஏற்றதில்லை. ஆளை ஏற்றிக்கொண்டு போனால்தான் மெடிகேர் பொதுவாகப் பணம் தரும். இரவெல்லாம் தயாராகக் காத்திருப்பதற்கு யாரும் தருவதில்லை. அந்தப் பற்றாக்குறையை யாரிடமாவது வசூலிக்க வேண்டுமே, பில் எங்களிடம் வருகிறது. மெடிகேர் தரும் கூடுதல் தொகையை, நகரத்துக்கு 2 சதவீதம், கிராமத்துக்கு 3 சதவீதம் என்று, காலாவதியாகும்போதெல்லாம் கொஞ்ச காலத்துக்கு நீட்டித்து நீட்டித்து ஓட்டுகிறீர்கள். அதை நிரந்தரமாக்கி, நியாயமான கட்டணத்தை நிர்ணயித்து, காப்பீட்டு நிறுவனங்களும் முதலாளிகளும் நேரடியாகக் கொடுக்கட்டும். நோயாளியை நடுவில் நிறுத்தாதீர்கள்.

1960-களில் இந்த நாட்டின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் சேவையை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்பவர்கள்தாம். எப்படிப் போனாலும் அவர்களுக்கு வியாபாரம். அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம், மறுக்கவில்லை. 2023-இல் நாடு மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 டிரில்லியன் டாலர், மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். இவ்வளவு கொட்டியும் ஒரு தாய் பிள்ளையின் மூச்சைப் பார்க்காமல் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்துக்கு முன் அனுமதி, ஸ்கேனுக்கு முன் அனுமதி, காப்பீடு தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகையான டிடக்டிபிள் முடியும்வரை எல்லாம் கைக்காசு. விளக்கம் கேட்டு போன் செய்தால் அரைமணி நேரம் இசை. உங்களுக்கு இது புரிவது கடினம்தான். உங்கள் அவைகள் கூடும் கேப்பிட்டல் கட்டடத்திலேயே உங்களுக்கென்று ஒரு மருத்துவர் அலுவலகம் 1928 முதல் இயங்குகிறது. அங்கே உங்களுக்கு நெஞ்சு வலித்தால் யாரும் முதலில் காப்பீட்டு அட்டையைக் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம் வந்தது 5,593 பக்கச் செலவு மசோதாவுக்குள் ஒரு பகுதியாக. அத்தனை பக்கத்தில் தரைவழி ஆம்புலன்ஸுக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. அடுத்து எந்தச் செலவு மசோதாவில் கையெழுத்து வாங்கப் போகிறீர்களோ, அதில் ஒரு பக்கம் ஒதுக்கி இதைச் சேர்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் விசாரணைக் கூட்டம் வைப்பதாக இருந்தால், அந்த அம்மா தன் பில்லோடு வந்து பேசத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை,
கலிஃபோர்னியா