ஆல்-இன் போடுகிறவன் எல்லாம் புத்தி கெட்டவன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆன்லைன் சூதாட்டத் தடை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், போக்கர் சீட்டாட்டத்தில் கையிலிருக்கும் மொத்த சிப்ஸையும் (பந்தய வில்லைகள்) ஒரே ஆட்டத்தில் தள்ளுகிறவன், அதாவது ஆல்-இன் போடுகிறவன், புத்தி கெட்டவன் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை செய்தது, கடன் வாங்கி ஆடி அழிந்தவர்கள் எங்கள் பக்கமும் உண்டு, சரி. ஆனால் அந்த ஒரு வரி தப்பு.

காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலைக்காரர், ஓசூர் கம்பெனிக்கு தினமும் பஸ் ஏறுகிறவர் என்று நாங்கள் சிலர் பணம் வைக்காமல் டோர்னமென்ட் ஆடுகிறோம். கடைசி மூன்று பேருக்கு டீயும் போண்டாவும், செலவு மற்றவர்களுடையது.

டோர்னமென்டில் பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறை வைத்துப் போடும் கட்டாயப் பந்தயம், ஏறிக்கொண்டே போகும், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சிப்ஸ் கரையும். எட்டுப் பேர் மேஜை, பிளைண்ட் 500, 1,000, அதோடு ஆன்டி 1,000 (பெரிய பிளைண்ட் போடுகிறவரே மேஜைக்கெல்லாம் சேர்த்துப் போடுவது), உங்களிடம் மீதி 8,000 என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 2,500 போகிறது, அதாவது மூன்று சுற்றுதான் ஆயுசு, இருபத்தைந்து கை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை) வந்தால் அதிகம். ஆளுக்கு வரும் இரண்டு சீட்டும் ஏஸாக, அதாவது ஏஸ் ஜோடியாக, வரட்டும் என்று காத்திருந்தால் அது சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும்! அப்புறம் எங்கே போவது?

அதனால் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு (அந்தக் கையை விட்டு விலகி), பின்னால் பிளைண்ட் போட்ட இரண்டு பேர் மட்டும் மிச்சம் என்றால், ஒரு ஏஸும் ஏதோ ஒரு சின்ன சீட்டும் இருந்தாலே 8,000த்தையும் தள்ளிவிடுவதுதான் நிதானமான ஆட்டம். அவர்கள் பயந்து கவிழ்த்தால் சீட்டைத் திறக்காமலே 2,500 நமக்கு, கிட்டத்தட்ட முப்பது சதவீத வரவு. ஒருவர் ஈடாகச் சிப்ஸ் போட்டு மோத வந்தாலும் ஜெயிக்க வழி இருக்கிறது.

இதையே தலைகீழாகப் பாருங்கள். பிளைண்டில் இல்லாத நீங்கள் சும்மா இருக்க, வேறொருவர் 8,000 ஆல்-இன் தள்ளுகிறார். இப்போது யாரையும் பயமுறுத்தி ஜெயிக்க முடியாது, சீட்டுதான் ஜெயிக்க வேண்டும். அவருடைய 8,000, பிளைண்ட்-ஆன்டி 2,500, ஆக 10,500க்காக நீங்கள் 8,000 போடுவதால் நூற்றுக்கு 43 தடவையாவது ஜெயிக்கிற கை வேண்டும், உங்களுக்குப் பின்னால் இன்னும் ஆட ஆள் இருந்தால் அதற்கும் மேலே. ஏஸ்-கிங் பார்க்க ராஜபோகமாக இருக்கும், எதிரில் குயீன் ஜோடி இருந்தால் பாதிக்குக் குறைவாகத்தான் ஜெயிக்கும். அதிலும் நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குத்தான் பரிசு, இன்னொருவரிடம் ரெண்டு பெரிய பிளைண்டுக்கான சிப்ஸ்தான் பாக்கி, அவர் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்ற கட்டத்தில் நல்ல கையைக்கூட கவிழ்க்க வேண்டும். இழக்கிற சிப்ஸின் வலி அங்கே கிடைக்கிற சிப்ஸின் சந்தோஷத்தைவிடப் பெரிது. ரம்மியில் ஸ்கூட் அடித்தால் (ஆட்டத்தை விட்டு விலகினால்) பாயிண்ட் ஏறும், இங்கே பிளைண்டில் இல்லாதவன் கவிழ்த்தால் காசு செலவே இல்லை (ஆலைக்காரருக்கு மட்டும் இது இன்னும் ஏறவில்லை).

முடிவை வைத்து ஆட்டக்காரனை எடை போடுவதும் சரியில்லை. ஏஸ் ஜோடியே கிங் ஜோடியிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தோற்கும், அதற்காக அதை யாரும் கவிழ்ப்பார்களா?

ஞாயிறு இணைப்பில் சதுரங்கப் புதிர் போடுவதுபோல, இப்படி ஒரு கையைப் போட்டு தள்ளலாமா கவிழ்க்கலாமா என்று கேளுங்களேன். பரிசுத்தொகை எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்