தன் தோட்டத்தைத் தானே கலைத்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முன்னோடிப் பெண்கள் என்று எழுத உட்கார்ந்தால் முதல் டாக்டர், முதல் வக்கீல், முதல் விமானி என்று ஒரு சுற்று வந்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். தோட்டம் போட்ட பெண்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவின் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் (1872–1959) பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் ஒருமுறை விரிவாக எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

1899-ல் அங்கே லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்களுக்கு, அதாவது தோட்டங்களையும் திறந்தவெளிகளையும் வடிவமைப்பவர்களுக்கு, ஒரு சங்கம் தொடங்கினார்கள். நிறுவனர்கள் பதினொரு பேரில் பெண் இவர் ஒருவர்தான். அவர் தொழில் கற்ற நாளில் அதற்கென்று கல்லூரிப் படிப்பு கிடையாது. பாஸ்டனில் அர்னால்டு தாவரப் பூங்காவை நடத்திய சார்ஜென்ட் என்பவரிடம் போய் நேரடியாகக் கற்றார். நிலத்துக்குத் தக்கபடி திட்டம் போடு, திட்டத்துக்காக நிலத்தை முறுக்காதே என்பது சார்ஜென்ட் சொன்ன பாடமாம். அது வெறும் பேச்சில்லை என்பதற்கு வாஷிங்டனில் டம்பர்டன் ஓக்ஸ் தோட்டம் சாட்சி: ஃபாரண்ட் அங்கே சரிவைச் சமப்படுத்தாமல் அதையே படிப்படியாக இறங்கும் தோட்டங்களாக்கியிருக்கிறார். பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழக வளாகங்களிலும் அவர் கை உண்டு. இவ்வளவுக்கும் தன்னை 'லேண்ட்ஸ்கேப் கார்டனர்' என்று சொல்லிக்கொள்ளத்தான் அவருக்குப் பிடித்ததாம்!

சரி, இதெல்லாம் தேடினால் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பரில் கடலோரமாக அவருக்கு ரீஃப் பாயின்ட் என்று குடும்ப வீடும் தோட்டமும் இருந்தன. அதை மாணவர்கள் வந்து படிக்கிற இடமாக்க வேண்டும் என்று அவரும் கணவரும் பல வருடம் உழைத்தார்கள். ஊர் நிர்வாகம் வரிவிலக்கு தரவில்லை, தனக்குப் பிறகு யார் பராமரிப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. 1955-ல், எண்பது வயது தாண்டிய பிறகு, தோட்டத்தைக் கலைத்துவிடுவது என்று அவரே முடிவெடுத்தார். இதைச் சோகக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. புத்தகங்கள், வரைபடங்கள், உலர்த்தி வைத்த தாவர மாதிரிகள் எல்லாவற்றையும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவற்றில் இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கில் வரைந்த தோட்டத் திட்டங்களும் இருந்தன. ஜீக்கில் இறந்த பிறகு, இவர் தன் காசைப் போட்டு வாங்கிக் காப்பாற்றி வைத்திருந்தவை. தன் தொழிலில் இன்னொரு பெண் செய்த வேலை குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாரே, அதைத்தான் நான் பெரிய கொடை என்பேன்.

செடிகளும் வீணாகவில்லை. கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணம் கொடுக்க, சார்லஸ் சாவேஜ் என்ற உள்ளூர்க்காரர் பக்கத்து ஊரில் அஸ்டிகூ, தூயா என்ற இரண்டு தோட்டங்களில் அவற்றைக் கொண்டுபோய் நட்டார். மகளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு ஜூன் மாதம் அஸ்டிகூவுக்குப் போனேன். குளத்தைச் சுற்றி அசேலியா பூத்துக் கிடந்தது, உதிர்ந்த இதழ்கள் தண்ணீரில் ஒதுங்கி ஓரமெல்லாம் ரோஸ் நிறம். எல்லாரும் போட்டோ எடுத்தோம், இது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். அறைக்குத் திரும்பிப் படித்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

அப்புறம் பார் ஹார்பர் இருக்கும் அந்தத் தீவில் கார் போக முடியாத குதிரை வண்டிச் சாலைகள் இருக்கின்றன, இப்போது அகேடியா தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. அவற்றின் ஓரத்தில் எங்கே என்ன செடி வைப்பது என்று ராக்ஃபெல்லருக்கு ஆலோசனை சொன்னவரும் இவர்தான், அதுவும் கட்டணம் வாங்காமல்.

கட்டுரை வந்தால் ஒரு வேண்டுகோள்: அவர் முகத்தை மட்டும் போடாமல், அவர் வரைந்த திட்டம் ஒன்றையும் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்