நூலக வகுப்பைப் பாடத்தோடு சேர்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருப்பதையும், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைப்பதையும் கட்டுரையாளர் பாராட்டியிருந்தார். அரசுக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருப்பவன் என்ற முறையில் அந்தப் பாராட்டில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால், இத்தனை இதழ்களுக்கு நடுவே எதை எங்கே தேடுவது, கிடைத்ததை எந்த அளவுக்கு நம்புவது என்பதை இளநிலை மாணவர்களுக்குக் கற்றுத்தர நம் கல்லூரிகளில் முறையான ஏற்பாடு அனேகமாக இல்லை. கட்டுரை தொடாமல் விட்ட அந்த விஷயத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

இப்போது நடப்பது 'லைப்ரரி ஓரியண்டேஷன்' என்ற பெயரிலான ஒரு மணி நேரச் சுற்றிக்காட்டல். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் முதலாண்டு மாணவர்களை வகுப்பு வகுப்பாக அழைத்துவந்து, அடுக்குகளையும் நூல் வழங்கும் மேசையையும் காட்டி, தாமதக் கட்டணத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த வாரத்தில் மாணவரிடம் விடை தேட வேண்டிய கேள்வி எதுவும் இருப்பதில்லை. கேள்வி இல்லாதவருக்குத் தேடும் வழியைச் சொன்னால் அது மனத்தில் நிற்காது. கேள்வி பிறப்பது, சில மாதங்கள் கழித்து அகமதிப்பீட்டுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லும்போதுதான். அந்த நேரத்தில் மாணவர் நூலகத்துக்கு வருவதில்லை, கைப்பேசியை எடுக்கிறார்.

எடுத்துக்காட்டாக, சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாதிக்கப்பட்டது பற்றி ஒரு மாணவி எழுத வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். தலைப்பை அப்படியே தேடுபொறியில் தட்டி, முதலில் வரும் இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து பத்திகளை எடுத்துச் சேர்த்துவிடுவார். அவரோடு நூலகர் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால், முதலில் அந்தத் தலைப்பைக் கேள்விகளாகப் பிரிக்கச் சொல்வார். நிலத்தடி நீரில் உப்பு எவ்வளவு ஏறியது என்பதற்கு ஆய்விதழ்களையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகளையும் பார்க்க வேண்டும். நாம் சாயக்கழிவு என்பதை ஆய்விதழ்கள் 'டெக்ஸ்டைல் எஃப்ளூயன்ட்' என்று எழுதும் என்பது தெரியாவிட்டால் அங்கே ஒன்றும் அகப்படாது. சாயப்பட்டறைகளை மூடச்சொன்னது யார் என்பதற்கு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையையே படிக்க வேண்டும். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையின் கீழிருந்த விவசாயிகள் பட்ட பாட்டை அக்கால நாளிதழ்களிலும், 'சோத்கங்கா' களஞ்சியத்தில் உள்ள முனைவர்பட்ட ஆய்வேடுகளிலும் தேட வேண்டும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதன் துணைநூற்பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கியும், அதைப் பிற்பாடு மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பார்த்து முன்னோக்கியும் போகலாம். இவற்றில் எதுவும் கடினமானதன்று. யாராவது ஒருமுறை செய்துகாட்ட வேண்டும், அவ்வளவே.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'சங்கம்' என்பதை நாம் ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்குகிறோம். அமெரிக்க நூலகப் பட்டியல்களிலோ அது 'சி' எழுத்தில் தொடங்கும். இதை அறியாத ஆய்வாளர் அங்கே இருக்கும் நூலை இல்லையென்றே முடிவு செய்துவிடுகிறார்.

தேடிக் கிடைத்ததை எடைபோடுவது இதைவிடக் கடினம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், அப்பல்கலைக்கழகத்தின் 25 இளநிலை மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். 1930இல் தொடங்கிய குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் தளம் ஒன்று. அதிலிருந்து பிரிந்து 2002இல் உருவான, ஒரு கொள்கைச் சார்புடைய சிறு அமைப்பின் தளம் மற்றொன்று. மாணவர்களில் பலரும், வரலாற்றாய்வாளர்களில் சிலரும்கூடத் தளத்தின் தோற்றத்தையும் அதன் 'எங்களைப் பற்றி' பக்கத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் நிற்காமல் உடனே வேறு சாளரங்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துச் சில நிமிடங்களில் உண்மையைக் கண்டுகொண்டார்கள். கூர்மையான அறிவு மட்டும் இருந்தால் போதாது, பழக்கமும் வேண்டும் என்பதை இந்த ஆய்வு எனக்கு உணர்த்தியது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பழக்கத்தின் தேவை பன்மடங்காகிவிட்டது. இல்லாத கட்டுரைக்கு, உண்மையான ஆய்விதழின் பெயரோடும் தொகுதி எண்ணோடும் பக்க எண்ணோடும் அது மேற்கோள் தந்துவிடும். இதை நம்பி, இல்லாத தீர்ப்புகளை மனுவில் எழுதிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. ஆய்வுக் கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐயைத் தேடிப் பார்ப்பது, அந்த இதழின் பொருளடக்கத்தைத் திறந்து பார்ப்பது என்ற இரண்டு சிறு செயல்கள் நம் மாணவர்களை இத்தகைய இழுக்கிலிருந்து காக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு இதை அறவே மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அதன் 2018ஆம் ஆண்டு கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள், ஒவ்வொரு பருவத்திலும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சொல்கின்றன. 2019இல் ஆய்வு, வெளியீட்டு நெறிகள் குறித்த 30 மணி நேரப் பாடமும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அந்தப் பாடம் முனைவர்பட்ட மாணவர்களுக்கு மட்டுமே. ஐந்தாண்டுகள் வெட்டி ஒட்டிப் பழகிய கைக்கு ஆறாம் ஆண்டில் நெறி சொல்வது எவ்வளவு பயன் தரும்? அதற்குள் அவர்களில் பலர், கருத்துத்திருட்டைக் கண்டறியும் மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டால் எல்லாம் சரி என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், புதிய வாசகரை நூலகத்துக்குப் பழக்குவதை நூலகரின் கடமைகளுள் ஒன்றாக வைத்து எழுதியவர். அவர் பணியாற்றிய மண்ணில் நூலகர்களைப் புத்தகக் காவலர்களாக மட்டுமே நிறுத்திவைத்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இதற்குப் புதிய தாள் எதுவும் வேண்டியதில்லை. முதலாண்டு இரண்டாம் பருவத்தில் ஏதேனும் ஒரு தாளின் அகமதிப்பீட்டுக் கட்டுரையோடு, பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து நடத்தும் இரண்டு வகுப்புகளை இணைத்தால் போதும். தலைப்புக் கொடுத்த வாரத்தில் ஒன்று, முதல் வரைவு வந்த பிறகு மற்றொன்று. எந்தச் சொற்களால் தேடினோம், எதை எடுத்தோம், எதை ஏன் விட்டோம் என்று மாணவர் எழுதும் தேடல் குறிப்பேட்டுக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத வேலையை யாரும் செய்யமாட்டார்கள். நூலகர் பணியிடம் காலியாக உள்ள கல்லூரிகளில் இது நடக்காது என்பதால் அவற்றை நிரப்புவதும் இதோடு சேர்ந்த வேலை. தங்கள் வாசகர்களில் பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள் இருந்தால், அடுத்த கூட்டத்துக்குத் தங்கள் கல்லூரி நூலகரையும் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அரசுக் கல்லூரி நூலகர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.