காதுக்குப் பின்னாலும் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பேரக்குட்டியின் மூக்கோரத்தில் தேன் வழிந்து காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்கு. காது மடல் சேருகிற இடத்தில் வெடித்து நீர் கசிகிறது. உனக்கு ஆறு வயதில் வந்ததும் அச்சாக இதேதான். கரப்பான் அரிப்பைச் சொறிந்து சொறிந்து, அந்த வெடிப்பில் கிருமி போய்ப் புண்ணாகிவிட்டது என்றார் டாக்டர். இம்பெடிகோ என்று அதற்குப் பெயர்.

டாக்டரிடம் போகும் முன் நான் செய்த தப்பை உனக்கு இதுவரை சொன்னதில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. ஐந்தாம் நாள் புண் கன்னம் முழுக்கப் பரவி, காது வீங்கி, நீ தலையணையில் தலை வைக்க முடியாமல் அழுதாய். அந்த டியூபில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாம். அது சிவப்பை அடக்கும். கிருமிக்கோ இடம் கொடுத்துவிடும். இந்த மாதிரி கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் அரசு உத்தரவே போட்டது. கேட்டால் இன்றைக்கும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீ கேட்காதே. நாளைக்கே டாக்டரிடம் காட்டு.

உனக்குக் கிருமியைக் கொல்லும் முபிரோசின் களிம்பு கொடுத்தார்கள், நாளுக்கு மூன்று வேளை. பொருக்கின் மேல் அப்பினால் மருந்து உள்ளே இறங்காது. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் மெல்லிய துணியை நனைத்து, ஐந்து நிமிஷம் புண் மேல் வைத்திரு. பொருக்கு ஊறித் தானே கழன்று வரும், பிய்க்காதே. காது மடலை முன்பக்கம் மெதுவாக மடக்கிப் பின்னால் உள்ள மடிப்பையும் பார். அங்கே விட்டுப்போனால் திரும்ப வரும். தூங்கும்போது செய்தால் அழமாட்டான். நிறைய இடத்தில் இருந்தால் குடிக்கிற மருந்தும் எழுதுவார்கள். காய்ந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்திவிடாதே.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடச் சொல்வார்கள், அன்பில்தான். நீர் வடிகிற புண்ணுக்கு வேண்டாம். அவன் துண்டு, தலையணை உறை எல்லாம் தனியாக இருக்கட்டும். வெந்நீரில் துவைத்து வெயிலில் போடு. நகத்தை ஒட்ட வெட்டு. மருந்து ஆரம்பித்து இரண்டு நாளாவது பள்ளிக்கு அனுப்பாதே, மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்.

காய்ச்சல் வந்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, காது சிவந்து சுட்டாலோ அன்றைக்கே ஓடு, ராத்திரி என்று பார்க்காதே. அப்புறம், புண் ஆறி சில வாரம் வரை அவன் சிறுநீரையும் கவனி. டீ டிகாஷன் நிறத்தில் போனால், காலையில் முகம் உப்பியிருந்தால், இந்தப் புண்ணின் பின்விளைவாகச் சிறுநீரகம் பாதித்திருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அபூர்வம்தான், ஆனாலும் உன் கண் அதில் இருக்கட்டும்.

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அந்தத் துணிதான் பூப்போல இருக்கும். சனிக்கிழமை ரயிலில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அம்மா