பொது இடம் என்றால் ஆண்களின் இடம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்பாளர் ஆணா பெண்ணா என்று பார்த்து வாக்களிக்கலாமா என்ற கேள்வி தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. "அதையெல்லாம் பார்க்காதே, திறமையைப் பார்த்துப் போடு" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் பதில். நியாயமான பதில். ஆனால் அந்தத் திறமையை எந்தப் படியால் அளக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளாட்சித் தேர்தலை வைத்தே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் வாக்காளருக்கு முகம் தெரிந்தவர்கள் நிற்பது அங்கேதான்.

சட்டமன்றத்துக்கு யார் நிற்பது என்பது வாக்காளரிடம் வருவதற்கு முன்பே கட்சி அலுவலகத்தில் முடிவாகிவிடுகிறது. 2021-ல் தமிழ்நாட்டில் 234 தொகுதிகளில் 12 பெண்களே வென்றார்கள். நாம் தமிழர் கட்சி மட்டும் சரிபாதியாக 117 இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. ஆனால் அக்கட்சி ஓரிடத்திலும் வெல்லவில்லை. வெல்லும் நிலையில் இருந்த கட்சிகளின் பட்டியலில் பெண்கள் சொற்பம். இதில் வாக்காளரைக் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஊராட்சியில் கதை வேறு. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு உறுதியானது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியது. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் போட்டியிடுவோர் அனைவரும் பெண்கள் என்பதால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே அங்கே எழாது. அது எழுவது, ஒதுக்கீட்டுப் பட்டியலில் 'பொது' என்று குறிக்கப்பட்ட இடங்களில்தான். "பெண்களுக்குத்தான் தனியாகக் கொடுத்தாச்சே, பொதுவில் எதற்கு வந்து நிற்கிறார்கள்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 'பொது' என்றால் யாரும் நிற்கலாம். பெண்களுக்கு ஒதுக்கிய பாதி என்பது குறைந்தபட்ச அளவு, அதற்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு அல்ல. பொது இடத்தில் ஒரு பெண் மனுத் தாக்கல் செய்வதை அத்துமீறல் போலப் பார்க்கும் வாக்காளர், தன்னை அறியாமலே ஆண் என்பதற்காக ஒருவருக்கு வாக்களிக்கிறார். 'நான் ஆண், பெண் பார்ப்பதில்லை' என்று அவர் உண்மையாகவே நம்பிக்கொண்டும் இருப்பார்.

இந்த அறியாமை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் ஆய்வாளர்கள் ஒரே அரசியல் உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் தனித்தனியாகப் பதிவு செய்து ஊர் மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சொல்லுக்குச் சொல் ஒரே பேச்சு. பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். ஒதுக்கீட்டால் ஏற்கெனவே பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே, 'திறமையைப் பார்' என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை. பார்க்கும் கண்ணுக்கும் பழக்கம் வேண்டும்.

பெண் தலைவர் வந்தால் நிர்வாகம் மாறுகிறதா? மாறுகிறது, ஆனால் நாம் நினைக்கும் வழியில் அல்ல. ராகவேந்திர சட்டோபாத்யாயும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்ளோவும் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. இரண்டு இடங்களிலும் பெண் தலைவர்கள் குடிநீருக்கு அதிகம் செலவிட்டார்கள். சாலை விஷயத்தில் இரண்டும் பிரிந்தன. பீர்பூமில் பெண் தலைவர்கள் சாலைக்கு அதிகமாகவும் உதய்ப்பூரில் குறைவாகவும் செலவிட்டார்கள். பீர்பூம் பெண்கள் சாலையையும் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம். 'பெண்கள் என்றால் இரக்கம், பெண்கள் என்றால் நேர்மை' என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. அந்த ஊர்ப் பெண்களின் குறை எதுவோ, அது தலைவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால், இரண்டு வேட்பாளர்கள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருக்கும்போது பெண்ணுக்கு வாக்களிக்க இந்த ஒரு காரணம் போதும். சமமாக இல்லாதபோது இது போதாது.

சமமா இல்லையா என்பதை எப்படி அறிவது? இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊரில் மேல்நிலைத் தொட்டிகள் எத்தனை, கடைசியாக எப்போது கழுவினார்கள்? வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் தவிர ஊராட்சிக்கு வேறு எங்கிருந்து பணம் வருகிறது? எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை? ஆண் வேட்பாளரிடம் யாரும் இவற்றைக் கேட்பதில்லை. அவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். பெண் வேட்பாளரிடமோ "வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள், ராத்திரி ஒரு பிரச்சினை என்றால் வருவீர்களா?" என்று கேட்கிறோம். இரவில் வருவாரா என்பது நல்ல கேள்விதான், அதை ஆணிடமும் கேளுங்கள்.

இனி, பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களுக்கு வருகிறேன். அங்கே வாக்காளர் கண்டுபிடிக்க வேண்டியது பேனா யார் கையில் இருக்கும் என்பதை. பதவி மனைவிக்கு, அதிகாரம் கணவருக்கு என்று நடக்கும் இந்தக் கணவர் ஆட்சியைப் பற்றி ஆராய ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 2023-ல் ஒரு குழுவே அமைக்க வேண்டியிருந்தது. அடையாளங்கள் பிரசாரத்திலேயே தெரிந்துவிடும். ஃப்ளெக்ஸைப் பாருங்கள். கணவர் கைகூப்பி ஆளுயரத்துக்கு நிற்பார். வேட்பாளரான மனைவி மூலையில் ஒரு வட்டத்துக்குள் பாஸ்போர்ட் அளவில் இருப்பார். அவர் பெயருக்கு மேலே 'முன்னாள் தலைவரின் மனைவி' என்று எழுதியிருக்கும். முதல் பொதுத் தேர்தலின்போது, பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிவு செய்திருந்ததே காரணம். சொந்தப் பெயர் இல்லாமல் வாக்காளராகக்கூட இருக்க முடியாது என்று அன்றைக்கே முடிவான விஷயத்தை, தலைவர் பதவிக்கு நிற்பவருக்கு நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வீடு வீடாக வரும்போது கேள்வியை வேட்பாளரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கூட வந்தவர் பதில் சொன்னால், "அண்ணே, அக்கா சொல்லட்டும்" என்று நிறுத்துங்கள். முதல் தடவை தடுமாறுவார், அதை வைத்து ஒதுக்கிவிட வேண்டாம். கூட்டத்தில் பேசிப் பழகாதது ஒரு குறையே அல்ல. மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதியவராக இருந்தால் காசோலை, தீர்மானம், தணிக்கை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். இந்த அனுபவத்தை நம் ஊர்கள் திறமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அடுத்து, வாக்குச் சீட்டு. ஊரகப் பகுதியில் ஒருவருக்கு 4 வாக்கு. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பலர் இளஞ்சிவப்புச் சீட்டுக்கு யோசிப்பதில் பாதிகூட வெள்ளைச் சீட்டுக்கு யோசிப்பதில்லை. சிக்கல் தொடங்குவது இங்கேதான். துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதும், ஊரில் செல்வாக்குள்ளவர் சுலபமாக ஒரு வார்டில் வென்று துணைத் தலைவராகிவிடுவார். தன் சொல் கேட்காத தலைவர் என்றால் கையெழுத்துப் போட மாட்டார். மோட்டார் பழுதுக்கும் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் பணம் நின்றுபோகும். "பொம்பளை வந்தா இப்படித்தான்" என்று பழி தலைவர் மேல் விழும். தலைவர் பட்டியல் இனப் பெண்ணாக இருந்தால் இது இன்னும் கடுமையாக நடக்கிறது. அப்படிக் கையெழுத்தை முடக்கினால் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் முறையிடலாம். ஆனால் அதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். பெண் தலைவரோடு இணங்கி வேலை செய்பவருக்கு வெள்ளைச் சீட்டைக் கொடுப்பது அதைவிட எளிது.

தேர்தல் முடிந்த பிறகும் வாக்காளருக்கு வேலை உண்டு. ஆண்டுக்கு 6 கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைமை வகிக்க வேண்டியவர் தலைவர். அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் கூட்டத்தைத் தொடங்கவிடாதீர்கள். வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்ததும் உங்கள் கேள்வியைத் தலைவரிடமே கேளுங்கள். ஊராட்சிச் செயலர் உதவிக்கு எடுத்துக் கொடுக்கலாம், பதில் தலைவர் வாயிலிருந்து வரட்டும். நீங்கள் கேட்ட கேள்வியும் தீர்மானமும் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெண் தலைவரின் பெயரில் மற்றவர்கள் எழுதிக்கொள்ளும் தீர்மானங்கள் பெரும்பாலும் அந்த வெற்றுப் பக்கங்களில்தான் ஏறுகின்றன.

ஊராட்சி அலுவலகச் சுவரில் தலைவர் பெயருக்குக் கீழே ஒரு கைப்பேசி எண் இருக்கும். ஒரு முறை அழைத்துப் பாருங்கள். ஆண் குரல் எடுத்து, "தலைவர்தான் பேசறேன், சொல்லுங்க" என்றால், அந்த எண்ணை அழித்துத் தலைவரின் சொந்த எண்ணை எழுதச் சொல்லி அடுத்த கிராம சபையில் மனுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கான பயிற்சியாளர் ஒருவர்