பனிக்கட்டி உருகும்போது வெப்பமானி ஏறாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கடந்த வார மாணவர் பகுதியில், "வெப்பமேற்ற ஏற்ற வெப்பநிலை தொடர்ந்து உயர்ந்து திண்மம் திரவமாகவும் திரவம் வாயுவாகவும் மாறும்" என்று ஒரு வசனம் வந்திருந்தது. பக்கத்திலேயே, பனிக்கட்டியைச் சூடேற்றும்போது நேரத்தோடு வெப்பநிலை மாறுவதைக் காட்டும் வரைபும் போட்டிருந்தார்கள். மறை 10 (-10) பாகை செல்சியசில் தொடங்கி 120 வரை ஒரே நேர்கோடு. சாதாரண தரப் பரீட்சையில் அந்தக் கோட்டை வரையும் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்காது என்பது தாங்கள் அறியாததல்ல.

அந்தக் கோடு இரண்டு இடங்களில் கிடையாகப் போகவேண்டும்: 0 பாகையில் ஒருமுறை, 100 பாகையில் ஒருமுறை. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தாலும் பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பமானி ஏறாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் துணிக்கைகளுக்கிடையிலான கவர்ச்சியை வெல்வதிலேயே செலவாகிறது. மறைவெப்பம் என்று படிப்பிப்பது இதைத்தான். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோயூல் வேண்டும். அந்த நீரை 0இலிருந்து 100க்குக் கொண்டுபோக 420 அளவில். கொதிநீர் முழுவதையும் ஆவியாக்கவோ 2260. ஒரே சீராக வெப்பம் கொடுத்தால் இரண்டாவது கிடைப்பகுதி முதலாவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நீளவேண்டும். தங்கள் படத்தில் இரண்டுமே இல்லை.

ஒரு தடவை நடந்த தவறு என்றால் பேசாமல் இருந்திருப்பேன். கொதிக்கும் நீரில் எழும் குமிழிகள் காற்று என்று எழுதியதும் இதே பகுதிதான். சூடேறத் தொடங்கும்போது பாத்திரச் சுவரில் ஒட்டுகிற சிறு குமிழிகள்தாம் நீரில் கரைந்திருந்த காற்று. கொதிக்கையில் அடியிலிருந்து பொங்கி வருபவை நீராவி. கேத்தல் மூக்கிலிருந்து வரும் வெண்புகைக்கு 'நீராவி' என்று அம்புக்குறி போட்டார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் அந்த வெள்ளைக்கும் இடையில் வெறுமையாய்த் தெரியும் இடத்தில்தான் அது இருக்கிறது. வெள்ளையாய்த் தெரிபவை ஒடுங்கிய நீர்த்துளிகள். நீர் எங்கும் 100 பாகையில் கொதிக்கும் என்றும் எழுதினார்கள். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஒவ்வொரு தடவையும் எழுதி அனுப்பினேன். ஒரு வரி பதில் போடத் தங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பல வகுப்புகளில் இந்தப் பரிசோதனை கரும்பலகையோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் பிள்ளைகள் தங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். படம் போடும் இடத்தில் செய்முறையைப் போட்டிருக்கலாமே! 250 மில்லிலீற்றர் முகவையில் நொறுக்கிய பனிக்கட்டி 100 கிராம், மறை 10 வரை காட்டும் வெப்பமானி, சிறு சுடர். வெப்பமானியின் குமிழ் பனிக்கட்டிக்குள் அமிழ்ந்திருக்கவேண்டும், முகவையின் அடியைத் தொடக்கூடாது. 30 செக்கனுக்கு ஒருமுறை வாசிப்பு. கலக்குவதை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பனிக்கட்டி மேலே மிதக்க, அடிநீர் சில பாகை ஏறிவிடும், பிள்ளையும் கிடைப்பகுதி இல்லையென்றே எழுதும். நனைந்து சொட்டும் ஐஸில் தொடங்கினால் அது ஏற்கெனவே 0 பாகையில் இருப்பதால் முதல் ஏற்றம் வராது. மீன் பெட்டி ஐஸ் வேண்டவே வேண்டாம். உப்புப் பட்டிருந்தால் 0க்குக் கீழேயே உருகும்.

பரீட்சையோடு முடிகிற விடயமுமல்ல இது. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நகரம் கொழும்பு. பருப்புக் கொதித்த பிறகும் அடுப்பை முழுதாய் எரியவிட்டால் பருப்பு சீக்கிரம் அவியாது. திறந்த சட்டியில் வெப்பநிலை 100ஐ அண்டியே நிற்கும். கூடுதலாய் எரியும் காஸ் தண்ணீரை வற்றவைக்கத்தான் உதவும். இடியப்பச் சட்டியின் மூடியைத் திறக்கையில் கையில் படும் ஆவி கொதிநீரைவிட மோசமாய்ச் சுடுவதற்கும் காரணம் அந்த 2260தான்: தோலில் ஒடுங்கும் ஒவ்வொரு கிராம் ஆவியும் அத்தனை யூலை அங்கேயே இறக்கிவிடுகிறது.

அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவில், 'திருத்தம்' என்று தலைப்பிட்டு வரைபை மீண்டும் போடும்படி பணிவுடன் கேட்கிறேன். மூலையில், விளம்பரத்துக்குக் கீழே வேண்டாம். சரியான வரைபை அளவிட்டு வரைந்து இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06