கதிருக்கு: அந்தத் தொப்பியைப் புதுசாக்கிவிடாதே

அன்புள்ள கதிர்,

ஞாயிறு இரவு நீ அனுப்பிய ஏழு படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் சேலில் நாற்பது டாலருக்கு ஒரு பழைய ஸ்டெட்சன் கௌபாய் தொப்பி! அமரில்லோவரைக்கும் வண்டி ஓட்டிப் போனது வீண் போகவில்லை. ஆனால் படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. "அக்கா, இத ஒரு கடையில குடுத்து நல்லா கழுவி, உள்பட்டை ரிப்பன் எல்லாம் மாத்தி, அச்சுல ஏத்தி எடுத்துட்டா புதுசு மாதிரி ஆயிடும்ல?"

ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு நீ உன் இஷ்டத்துக்குச் செய்வாய். எழுதினால் ஒரு தடவையாவது நின்று படிப்பாய். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் பொதுவிலேயே வைக்கிறேன்.

முதலில் உன் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். இரண்டாவது படத்தில் லைனிங்கில் பிலடெல்பியா என்ற பெயர் தெரிகிறது. அந்த ஊரில் இருந்த ஸ்டெட்சன் ஆலை 1971ல் மூடப்பட்டது, ஆகவே தொப்பி அதற்கு முந்தியதாக இருக்கலாம். லைனிங்கை மட்டும் நம்பிவிடக் கூடாது, அதைப் பிரித்து மாற்றிவிட முடியும். ஆனால் உள்ளே சுற்றியிருக்கும் தோல் பட்டையும் அதே கதையைத்தான் சொல்கிறது. பொன் எழுத்தில் அச்சடித்த கடைப் பெயர் தேய்ந்துபோய், ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காலத்தில் தொப்பி விற்ற கடை தன் பெயரையும் பட்டையில் பொறித்துக் கொடுக்கும். பக்கத்தில் 3எக்ஸ் பீவர் என்ற முத்திரை. பீவர் நீரில் வாழும் ஒரு கொறிவிலங்கு, எக்ஸ் என்பது தரக் குறி. இன்றைய கடையில் 3எக்ஸ் என்றால் கீழ்வரிசைச் சரக்கு. அதை வைத்து உன் தொப்பியை எடை போடாதே. இந்த எக்ஸ் கணக்குக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. வருஷங்கள் போகப் போக எண்ணை ஏற்றிக்கொண்டே வந்து இப்போது 100எக்ஸ், அதற்கு மேலும் விற்கிறார்கள். அந்த நாளின் 3எக்ஸ் ஃபெல்ட்டை, அதாவது மயிரை அழுத்திச் செய்த அந்தத் துணியை, விரலால் வருடிப் பார், வித்தியாசம் உனக்கே தெரியும்.

அந்த வழவழப்புக்குக் காரணம் பீவரின் அடிமயிர். மேலே இருக்கும் முரட்டு மயிரை நீக்கிவிட்டு, தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய மயிரை மட்டும் எடுப்பார்கள். அந்த மயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஓட்டை போட்ட ஒரு கூம்பைச் சுழலவிட்டு, உள்ளிருந்து காற்றை உறிஞ்சி, மயிரை அதன்மேல் படியவைத்து வெந்நீர் தெளிப்பார்கள். முதலில் கிடைக்கும் கூம்பு தொப்பியைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிசாக இருக்கும். அதைத் திரும்பத் திரும்ப வெந்நீரில் நனைத்து உருட்டி உருட்டிச் சுருக்குவார்கள். நெசவு இல்லை, தையல் இல்லை. ஊடு பாவு இல்லாத துணி அது. அதனால்தான் ஈரமும் விரலும் பட்ட இடத்தில் எல்லாம் வடிவத்தை வாங்கிக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொள், கீழே வேண்டியிருக்கும்.

ஜான் பி. ஸ்டெட்சன் 1830ல் நியூஜெர்சியின் ஆரஞ்ச் ஊரில் ஒரு தொப்பிக்காரருக்குப் பிறந்தவர். நுரையீரல் நோயோடு மேற்கே போனார். பைக்ஸ் பீக் பக்கம் தங்கம் தேடிப் போனவர்களோடு சுற்றிவிட்டு உடம்பு தேறித் திரும்பினார். 1865ல் பிலடெல்பியாவில் தொழிலைத் தொடங்கினார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'பாஸ் ஆஃப் தி பிளெயின்ஸ்' என்ற தொப்பி. நாலு அங்குல விளிம்பு, நாலு அங்குல உயரம். பிற்பாடு அந்த ஆலையில் ஐயாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், தொழிலாளிகளுக்கென்றே ஆஸ்பத்திரி இருந்தது. இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். என்னைப் பிடித்து இழுத்தது வேறு ஒன்று. அந்த முதல் தொப்பியில் மடிப்பே கிடையாது. தட்டையான விளிம்பு, உருண்டையான மேல்பகுதி, அவ்வளவுதான். நாம் 'கௌபாய் தொப்பி' என்று அடையாளம் காணும் நடுப்பள்ளம், இரண்டு பக்கக் குழிகள், முன்னால் கிள்ளியது போன்ற ஒடுக்கம், பக்கவாட்டில் சுருண்ட விளிம்பு எல்லாம் போட்டவர்களின் கையாலும் மழையாலும் வந்தவை. அவற்றைப் பார்த்துத்தான் கம்பெனிகள் பிற்பாடு மடிப்போடு விற்க ஆரம்பித்தன.

இப்போது உன் ஐந்தாவது படத்துக்கு வருகிறேன். முன்பக்கக் கிள்ளல் இருக்கிறதே, அது நேராக இல்லை. இடப்பக்கக் குழி சிறுசு, ஆழம் அதிகம். வலப்பக்கக் குழி அகலம். "இது கோணிப்போயிருக்கு" என்று எழுதியிருக்கிறாய். கோணவில்லை கதிர். கட்டை விரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறு பக்கமுமாக ஒருவர் வருஷக்கணக்கில் அங்கேயே பிடித்துக் கழற்றியிருக்கிறார். கட்டை விரல் இடப்பக்கம் என்றால் அவர் வலக்கைக்காரர். இப்படி மேலே பிடித்துத் தூக்கக் கூடாது, விளிம்பைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சரியான பேச்சுதான். அப்படிப் பிடித்தால்தான் அந்த இடம் நைந்து கிழியாது. அவர் அதைக் கேட்கவில்லை. அச்சில் ஏற்றி ஆவி காட்டினால் முதலில் மறைவது அந்தக் கைதான்.

நான் ஏன் இவ்வளவு வேகப்படுகிறேன் என்று கேட்பாய். ஒன்பது வருஷத்துக்கு முன் கேன்டன் சந்தையில் ஒரு பழைய ரெசிஸ்டால் தொப்பி வாங்கினேன். மாதாமாதம் முதல் திங்களுக்கு முன்னால் கூடுகிற சந்தை, உனக்குத் தெரியுமே. ரெசிஸ்டால் நம்ம டெக்ஸஸ் பக்கத்துப் பிள்ளை. 1927ல் டாலஸில் தொடங்கி, 1938ல் பக்கத்து ஊர் கார்லண்டுக்குப் போன கம்பெனி. நான் வாங்கியது தவிட்டு நிறம். ரிப்பனுக்கு மேலே வியர்வை ஊறிக் கரையோரத்து உப்புப் போல ஒரு கோடு. போட்டுப் பார்த்தேன், இறுக்கம். தோல் பட்டையை மடித்துப் பார்த்தால் அதன் பின்னே நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு. முதலில் வைத்திருந்தவருக்குத் தொப்பி பெரிசு போல, பேப்பர் மடித்துத் திணித்து அளவைச் சரிசெய்திருக்கிறார். ஓரத்தில் ஃபோர்ட் வொர்த் மாட்டுச் சந்தை விலைப் பட்டியலின் ஒரு துணுக்கு தெரிந்தது. உருவினால் பொடிந்துவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டேன். பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று.

அடுத்த மாதம் ஒரு கடையில் கொடுத்தேன். நல்ல வேலைக்காரர்கள், குறை சொல்ல முடியாத நேர்த்தி. மூன்று வாரம் கழித்து வந்தது. கறை இல்லை, கோடு இல்லை, புதுப் பட்டை, புது ரிப்பன், கத்தி மாதிரி மடிப்பு. பேப்பர் எங்கே என்று கேட்டேன். எந்தப் பேப்பர் என்றார்கள். பழைய பட்டையோடு குப்பைக்குப் போயிருந்தது. எந்த வருஷத்துச் சந்தை, அன்று கன்றுக்குட்டி என்ன விலை, எதுவும் இனி எனக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. அந்தத் தொப்பி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதன் பிறகு இரண்டு தடவைக்கு மேல் நான் அதைப் போடவில்லை.

போடாத தொப்பி என்றதும் எங்கள் ஃபோர்ட் வொர்த் கதை ஒன்று. ஏமன் கார்ட்டர் என்ற பத்திரிகை முதலாளி இந்த ஊருக்கு வரும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் தொப்பி பரிசளிப்பதை வழக்கமாகவே வைத்திருந்தார். அவர் 1955ல் இறந்த பிறகும் ஊர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1963 நவம்பர் 22 காலை, டெக்ஸஸ் ஹோட்டலில் நடந்த விருந்தில் வணிகர் சபை ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு தொப்பியைக் கொடுத்தது. அவருக்குத் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. போடுங்கள் போடுங்கள் என்று கூட்டம் கேட்டது. திங்கட்கிழமை வெள்ளை மாளிகையில் போடுகிறேன், வந்து பாருங்கள் என்று சிரித்துச் சமாளித்தார். அன்று மதியமே டாலஸில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின் ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன் ஸ்டெட்சனின் 'ஓப்பன் ரோடு' தொப்பியைப் போட்டுப் பழகிய ஆள். ஒரே மாதத்தில், டிசம்பர் கடைசியில், மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் எர்ஹார்டைத் தன் ஊருக்கு அழைத்து அவர் தலையிலும் ஒரு தொப்பியை வைத்து அனுப்பினார். அந்த இரண்டு தொப்பிகளையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கென்னடியின் தொப்பியில் ஒரு மடிப்புக்கூட அவர் கையால் விழவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். எதுவுமே செய்யாதே என்று சொல்லவில்லை. அழுக்கு வேறு, அந்த மனிதர் வேறு. தூசி எடு. மென்மையான குதிரைமயிர் பிரஷ் வாங்கு, வெளிர் நிறத்துக்குத் தனி, கறுப்புக்குத் தனி. மயிர் படிந்திருக்கும் திசையிலேயே, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். எண்ணெய்க் கறை மேல் சோளமாவைத் தூவி ஒரு இரவு விட்டுத் தட்டிவிடு. முழுக்கப் போகாது, போக வேண்டாம். விளிம்பின் அடியில் மூன்று ஊசித் துளை போலத் தெரிகிறதே, அது அந்துப்பூச்சி வேலையாக இருக்கும். வீட்டில் மற்ற கம்பளித் துணியோடு சேர்ப்பதற்கு முன் தொப்பியை நன்றாகத் தட்டி, உற்றுப் பார்த்து, தனியாக வை. அந்துருண்டை மட்டும் போடாதே, அந்த நாற்றம் ஃபெல்ட்டை விட்டு லேசில் போகாது. காரில் விட்டுவிட்டுப் போகாதே. டெக்ஸஸ் வெயிலில் தோல் பட்டை சுருங்கினால் தொப்பியே ஒரு அளவு குறைந்துவிடும். மேசையில் கவிழ்த்து வைக்காதே, மல்லாக்க வை. விளிம்பின் மேல் பாரம் ஏறினால் அதன் வளைவு போய்விடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கெட்டிலில் ஆவி பிடித்து நீயே சரிசெய்யலாம் என்று வீடியோ பார்த்து இறங்காதே. பழைய காலத்தில் மயிர் நன்றாகக் கவ்விக்கொள்ள பாதரச நைட்ரேட்டில் ஊறவைப்பார்கள். தொப்பி ஊர் என்றே பெயரெடுத்த கனெக்டிகட்டின் டான்பரியில் தொழிலாளிகளுக்குக் கை கால் நடுக்கம் வந்தது அதனால்தான். 'டான்பரி நடுக்கம்' என்றே அதற்குப் பெயர். எத்தனை குடும்பங்கள் அந்த ஊரில் அந்த நடுக்கத்தோடு சாப்பிட உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தால் இந்த அழகின் மேல் எனக்கு ஒரு வலி வரும். 1941 டிசம்பர் 1ஆம் தேதியோடு அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய தொப்பிகளில் அது இன்றும் மிச்சம் இருக்கலாம். உன்னுடையது எந்தப் பக்கம் என்று உறுதியாகும்வரை சூடும் ஆவியும் வேண்டாம். குழந்தை இருக்கிற வீடு. தொட்ட பிறகு கையைக் கழுவு.

வயதைக் கண்டுபிடிக்க வழி, தோல் பட்டையை மெல்ல மடித்துப் பார்ப்பது. பின்னால் சின்ன அளவுச் சீட்டு, சிலவற்றில் தொழிற்சங்கச் சீட்டு ஒட்டியிருக்கும். காய்ந்த தோல் வெடிக்கும், தனியாகச் செய்யாதே. சனிக்கிழமை காலை தொப்பியோடு இங்கே வா. பெரிய பூதக்கண்ணாடியும் நல்ல விளக்கும் வைத்திருக்கிறேன், சேர்ந்தே பார்ப்போம். பட்டையில் ஊசித்துளையால் குத்திய மூன்று எழுத்து இருப்பதாக எழுதியிருந்தாய், அதையும் வெளிச்சத்தில் பார்க்க எனக்கு ஆசை.

இன்னொன்று. அளவு 7 3/8 என்கிறாய், அதாவது 59 சென்டிமீட்டர். உன் தலை 58தான். கொஞ்சம் ஆடும், காற்றில் பறக்கும். அதற்காக அச்சில் ஏற்றிச் சுருக்க வேண்டியதில்லை. பட்டைக்குப் பின்னால் பேப்பர் மடித்து வைத்தால் போதும். வரும்போது அன்றைய செய்தித்தாளை எடுத்து வா.

அன்புடன்,
அக்கா